வாரக்கூலி வீட்டின் பருப்புக் கணக்கு

ஈரோடு மாவட்டம் பவானியில் ஜமக்காளம் நெய்யும் வீட்டுக்கு மாதச் சம்பளம் கிடையாது. நெய்து முடித்த துண்டுக்குக் கூலி. அதுவும் வாரக் கடைசியில் கைக்கு வரும். நூல் வரத் தாமதமானால் அந்த வாரம் கூலி குறையும். ஐப்பசி மழையில் குழித்தறியில் ஈரம் ஏறினால் தறி நிற்கும். 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் உலகம் போனது. கூலி மட்டும் இன்னும் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிறது.

அப்படி ஏறி இறங்கும் பணத்தில் ஏழு நாள் அடுப்பு எரிய வேண்டும். “இன்னைக்கு என்ன குழம்புங்க வைக்கறது?” என்ற கேள்வி காலை ஆறு மணிக்கு எழுந்தால், பதில் பெரும்பாலும் தெருமுனை மளிகைக் கடையில்தான் கிடைக்கும். கால் கிலோ பருப்பு, ஐம்பது கிராம் மிளகாய்த்தூள், ஒரு எண்ணெய்ப் பாக்கெட், கடன் நோட்டில் ஒரு வரி. இப்படித் துளித்துளியாக வாங்கும் வீடுதான் ஒரு கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறது. கையில் காசு குறைவாக இருப்பவருக்கே பொருள் விலை கூடுதலாக விழுகிறது.

இதை மாற்ற வழி உண்டு. தொடங்க வேண்டிய இடம் அரிசிப் பானை என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், தொடங்க வேண்டிய இடம் பருப்பு டப்பா.

தட்டில் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம் (முட்டை, கறி சாப்பிடுவோருக்கு அவையும் இதற்குள்ளேயே அடங்கும்), காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம்.

இந்த அளவை நான்கு பேர் கொண்ட ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 30 நாள் மாதத்துக்குத் தானியம் 30 கிலோ வேண்டும். பருப்பு 10 கிலோ 200 கிராம். எண்ணெய் 3 கிலோவுக்குச் சற்று மேல். காய்கறி வாரத்துக்கே 11 கிலோ.

இனி ரேஷன் கடைக்குப் போகலாம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அட்டை வகையையும் உறுப்பினர் எண்ணிக்கையையும் பொறுத்து, பெரும்பாலான நான்கு பேர் வீடுகளுக்கு 20 கிலோ வரை. ஆக, தானியத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு காசில்லாமல் வீடு வந்துவிடுகிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பும் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் கிடைக்கின்றன. பருப்புத் தேவையில் அது பத்தில் ஒரு பங்குதான். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அரிசியில் பெரிய ஓட்டை இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஓட்டை பருப்பில், எண்ணெயில், பாலில், காய்கறியில் இருக்கிறது. ஆனால் பணம் குறையும் வாரத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இவைதான். சோறு குறையாது, குழம்பு தண்ணீராகும். வயிறு நிறையும், வளரும் பிள்ளைக்கும் தறியில் கால் மிதிப்பவருக்கும் தேவையான புரதம் வந்து சேராது.

ரேஷன் அரிசியை ஒதுக்க வேண்டாம்

ரேஷன் அரிசியை மாட்டுக்கும் கோழிக்கும் போட்டுவிட்டு, கடையில் காசு கொடுத்து அரிசி வாங்கும் வீடுகளும் உண்டு. சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது இட்லி மாவுக்குப் போகலாம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று ஊறவைத்து, ஞாயிறும் புதனும் ஆட்டி வைத்தால் வாரத்தின் காலைப் பலகாரம் முடிந்தது. பாக்கெட் மாவு வாங்கும் செலவும் மிச்சம். புட்டு, கொழுக்கட்டை, கொங்கு வீடுகளின் சந்தகை எல்லாவற்றுக்கும் அந்த அரிசி பொருந்தும்.

அண்மை ஆண்டுகளில் ரேஷனில் வந்தது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த அரிசி மணி நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அதில் கலந்திருந்தது. நிறத்திலும் எடையிலும் சற்று வேறுபட்டுத் தெரியும் அந்த மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பயந்து பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. எறியப்பட்டது சத்து.

கொள்ளு ஒன்று, குழம்பு இரண்டு

பருப்பு என்றாலே துவரம்பருப்பு என்று ஆகிவிட்டது ஒரு தலைமுறைப் பழக்கம்தான். கொங்கு நாட்டு மானாவாரிக் காடுகளில் விளைந்ததும் வீடுகளில் கொதித்ததும் கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை, அவரை. கொள்ளில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம். துவரைக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை. விலையோ பெரும்பாலான மாதங்களில் துவரையைவிடக் குறைவு.

கொங்குச் சமையலின் சிக்கனம் அளவைக் குறைப்பதில் இல்லை. ஒரு முறை வேகவைத்ததை இரண்டு முறை பயன்படுத்துவதில் இருக்கிறது. கொள்ளை வேகவைத்து வடித்த தண்ணீர் ரசமாகும். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாயோடு மத்தில் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. தட்டைப்பயறு வெந்த நீரும் அப்படித்தான்; பயறு கத்தரிக்காயோடு சேர்ந்து குழம்பாகும், நீர் ரசத்துக்குப் போகும். பச்சைப்பயறு கடைந்தால் வேறு கூட்டே தேவைப்படாது. இரவே ஊறவைத்துவிட்டால் காலையில் குக்கரில் வேகும் நேரம் குறைகிறது, கேஸும் மிச்சமாகிறது. அதற்கு முந்தைய நாளே மறுநாள் குழம்பு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். திட்டம் தேவைப்படும் இடம் இது.

அரிசிம்பருப்பு சாதம் இன்னொரு நல்ல உதாரணம். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள். ஒரே குக்கர், ஒரே அடுப்பு. தறி வேலை மும்முரமான நாளில் அரை மணி நேரத்தில் சோறும் பருப்பும் ஒன்றாகத் தட்டுக்கு வந்துவிடும்.

ஏழு நாளுக்கு ஏழு வரி

நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் போதும். திங்கள் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும். செவ்வாய் சந்தையில் கிடைத்த கீரை, பாசிப்பருப்புச் சேர்த்துக் கடைந்தது. புதன் தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு. வியாழன் முட்டைக் குழம்பு. வெள்ளி துவரம்பருப்புச் சாம்பார், முருங்கைக்காய் கிடைத்தால் முருங்கை. சனிக்கிழமை அரிசிம்பருப்பு சாதம், அப்பளம், மோர். ஞாயிறு கறி.

காவிரிக்கு எதிர்க்கரையில், ஈரோட்டை ஒட்டி இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரால் அறியப்படும் கோழி வறுவல் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றது. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு ஆகிய மூன்றே அதன் உயிர். மசாலாப் பாக்கெட் எதுவும் வேண்டாம். தேங்காய்ச் சில்லும் தட்டில் இடம் பிடிப்பதால் அரைக்கிலோ கறி நான்கு பேருக்குக் காணும்.

மதியக் குழம்புக்கு 200 கிராம் பயறு, மாவில் சேரும் உளுந்து, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் என்று பிரித்தால், நாளைக்கு 340 கிராம் என்ற வீட்டுப் பருப்புத் தேவையை நெருங்கிவிடலாம். அந்தச் சுண்டலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கடைத் தின்பண்டத்தின் இடத்தை அது பிடிக்கிறது.

தின்பண்டச் செலவு எவ்வளவு பெரியது என்பதை 2022-23-ல் நாடு முழுக்க எடுத்த வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு காட்டியது. இந்தியக் கிராமங்களில் மொத்தச் செலவில் தானியத்துக்குப் போவது 4.9 சதவீதம்தான். பானங்களும் தயார்நிலை உணவும் தின்பண்டங்களும் சேர்ந்து எடுத்துக்கொள்வது 9.6 சதவீதம். டீக்கடை வடை, பிஸ்கட், பிள்ளைகளின் சிப்ஸ், இரவுப் பரோட்டா எல்லாம் இதற்குள் வரும். நாளைக்கு 50 ரூபாய் இப்படிப் போனால் மாதம் 1,500 ரூபாய். 2021-ல் ஆவின் சாதாரணப் பாலின் விலை லிட்டருக்கு 40 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அந்த விலையில், வழிகாட்டி சொல்லும் 300 மில்லி வீதம் நான்கு பேருக்கும் மாதம் முழுக்கப் பால் வாங்க 1,440 ரூபாய் போதும்.

டீக்கடைப் பெஞ்சை யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டியதில்லை. தறியை விட்டு எழுந்து நாலு பேரோடு பேசும் நேரம் அது. உழைப்பவருக்கு அது வேண்டும். ஆனால் அந்தச் செலவும் நோட்டில் ஒரு வரியாக ஏற வேண்டும். ஏறாத செலவைக் குறைக்க முடியாது.

வாரம் ஒரு பொருள்

மாதச் சாமானை ஒரே நாளில் வாங்க வாரக்கூலிக்காரரால் முடியாது. அதனால் மாதத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வாரக் கூலியில் ஒரு மாதத்துக்கான பயறு வகைகள் முழுதும். இரண்டாம் வாரம் எண்ணெய். மூன்றாம் வாரம் புளி, மிளகாய், மல்லி உள்ளிட்ட செலவுச் சாமான். நான்காம் வாரம் சோப்பு, சீயக்காய், சர்க்கரை போன்றவை. ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு பெரிய பொருள். மீதிக் கூலி காய்கறிக்கும் பாலுக்கும். சுற்று ஒரு முறை முடிந்தால், கடன் நோட்டுக்குப் போகும் தேவை தானாகக் குறையத் தொடங்கும்.

இதில் ஒரு பிடிமானம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, தகுதி பெற்ற குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாயாக வந்து விழுகிறது. மேலே சொன்ன வீட்டுக்கு ரேஷன் பருப்பு போக வேண்டியது 9 கிலோ 200 கிராம். பல பயறுகளையும் கலந்து வாங்கும்போது சராசரியாகக் கிலோ 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,012 ரூபாய். முட்டையும் கறியும் உண்ணும் வீட்டில் இன்னும் குறையும். அந்தத் தொகையைப் பருப்புக்கென்றே ஒதுக்கிவிட்டால், கூலி எப்படி ஏறி இறங்கினாலும் தட்டில் புரதம் நிற்கும். பணம் அந்தப் பெண்ணுடையது, எதற்குச் செலவிடுவது என்ற முடிவும் அவருடையது. ஆனால் வீட்டின் வேறு எந்த வரவும் இவ்வளவு உறுதியாகத் தேதி தவறாமல் வருவதில்லை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

புளி, மிளகாய், மல்லி போன்றவற்றை மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளவும் முடியும். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு வைத்தால் அடுத்த ஆண்டு வரை கெடாது.

சந்தை நேரமும் விளைச்சல் பருவமும்

காலிங்கராயன் வாய்க்கால் தொடங்குவதே பவானிக்கு அருகில்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய அந்த வாய்க்காலும், 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையின் கீழ்பவானிக் கால்வாயும் பாயும் இந்த வட்டாரத்தில் நெல், மஞ்சள், வாழை, கடலை, காய்கறி என்று விளையாதது குறைவு. நாட்டுச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி பக்கத்திலேயே இருக்கிறது. பழனி கோயிலின் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் சர்க்கரை போகிறது. இவ்வளவு விளையும் ஊரில் பருவம் பார்த்து வாங்குவது சிக்கனத்தின் பெரும்பகுதி.

சித்திரை, வைகாசியில் முருங்கைக்காய் மலிந்து கிடக்கும்; மார்கழியில் அதே காய் எட்டாத விலைக்குப் போகும். மார்கழியில் தேட வேண்டியது பச்சை மொச்சையும் அவரையும். தக்காளி மாசி, பங்குனியில் இறங்கும், மழைக்காலத்தில் ஏறும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிய நிலை வந்தது. அந்த மாதிரி வாரங்களில் புளிக் கரைசலும் மோர்க்குழம்பும் தக்காளியில்லாத குறையைத் தீர்க்கும். வறுத்தரைத்த குழம்புக்குத் தக்காளி அவசியமே இல்லை.

முட்டைக்கும் பருவம் உண்டு. பக்கத்து மாவட்டமான நாமக்கல்லில் தினமும் அறிவிக்கப்படும் முட்டை விலை, பலர் அசைவம் விடும் புரட்டாசியில் இறங்கும். குளிர்காலத்தில் தேவை கூடும்போது ஏறும். கறிக்கோழியும் புரட்டாசியில் விலை இறங்கும். விரதம் இல்லாத வீடு அந்த மாதத்தில் வாரம் இரண்டு நாள் முட்டைக் குழம்பு வைக்கலாம்.

காய்கறியில் உழவர் சந்தை நல்ல வழிகாட்டி. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் சந்தை திறந்தது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கும் அந்த முறை ஈரோடு சம்பத் நகர் உட்பட மாவட்டத்தின் பல ஊர்களுக்கு வந்துவிட்டது. பலகையில் எழுதிய அன்றைய விலையைப் பார்த்துவிட்டால், தெருவண்டியில் கேட்கும் விலை நியாயமா என்பது தெரிந்துவிடும். வாரச் சந்தையில் கடை கலையும் அந்தி நேரத்தில் கூறு கட்டிக் கொடுப்பார்கள். வாடிய கத்தரி அன்றிரவே பொரியலாகவும், மீந்த வெண்டை மறுநாள் வெயிலில் வற்றலாகவும் ஆகலாம்.

வைத்திருப்பதைக் காப்பதும் திட்டத்தில் அடங்கும். துவரை, தட்டைப்பயறு விதைகளுக்குச் செம்மண் பூசி வெயிலில் காயவைத்து வண்டு விழாமல் வைத்தது பெரியவர்கள் வழக்கம். இரண்டு அறை வாடகை வீட்டில் அது முடியாவிட்டாலும், நன்றாகக் காய்ந்த பயறை வேப்பிலையோ வரமிளகாயோ போட்டு இறுக மூடிய டப்பாவில் வைக்கலாம். ஆற்றோரத் தெருக்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 2022 ஆகஸ்டில் காவிரியில் நொடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது பவானியின் தாழ்வான பகுதி மக்கள் முகாம்களுக்குப் போக நேர்ந்தது. சேமித்த தானியத்துக்கு இடம் தரையில் வேண்டாம், பரணில் இருக்கட்டும்.

பொருளாதார அறிஞர் போட்ட கணக்கு

குறைந்த காசில் நிறைந்த சத்து என்பது உலகின் பெரிய மூளைகளையும் உட்கார வைத்த கணக்கு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-ல் 77 உணவுப் பொருள்களையும் 9 சத்துக்களையும் எடுத்துக்கொண்டு, ஒரு மனிதர் ஓராண்டு உயிர்வாழ மிகக் குறைந்த செலவு எவ்வளவு என்று கணக்கிட்டார். 1939-ம் ஆண்டு விலையில் 39 டாலர் 93 சென்ட். அந்தப் பட்டியலில் இருந்தவை கோதுமை மாவு, சுண்டிய பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த அவரை விதை. இரண்டே ஆண்டுகளில் கணித அறிஞர் ஜார்ஜ் டான்சிக்கின் புதிய கணித முறையைச் சோதிக்க இதே கணக்கு எடுக்கப்பட்டது. கணக்கர்கள் ஒன்பது பேர் கைக்கணிப்பொறிகளில் உழைத்து 39 டாலர் 69 சென்ட் என்ற விடையைக் கண்டார்கள். ஸ்டிக்லரின் மதிப்பீட்டுக்கும் அதற்கும் 24 சென்ட்தான் வித்தியாசம்.

பின்னாளில் டான்சிக் தனக்கே ஓர் உணவுத் திட்டம் போடக் கணினியைக் கேட்டார். நாளைக்கு ஐநூறு கேலன் வினிகர் குடிக்கச் சொன்னது அது! எண்கள் சரியாக இருந்தும் மனிதர் சாப்பிட முடியாத பட்டியல். ஸ்டிக்லரின் பட்டியலில் தானியம், பால், கீரை, பயறு எல்லாம் உண்டு. ஆனால் ஐந்தே பொருளை ஆண்டு முழுக்க யாரும் தின்ன மாட்டார்கள். ருசி, வழக்கம், பிள்ளையின் அடம், பண்டிகை நாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவது சமையலறைக்குத் தெரிந்த அளவுக்குக் கணினிக்குத் தெரியவில்லை.

நோட்டு யார் கையில்?

இந்தக் கணக்கு முழுவதும் ஒரே தலையில் விழுவதுதான் இதன் பெரிய குறை. 2019-ல் இந்தியாவில் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் நாளைக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதிலும் ஆண்களில் பெரும்பாலானோர் வீட்டுவேலையில் ஈடுபடவே இல்லை. தறி மிதித்து, பாவு ஓட்டி, சமைத்து, அடுத்த நாள் சமையலையும் யோசிக்க வேண்டிய பெண்ணுக்கு நோட்டுப் போடச் சொல்வது இன்னொரு சுமைதான், வீட்டார் பங்கெடுக்காவிட்டால்.

பயறு ஊறவைப்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் முடியும். சந்தைக்குப் போய் விலை விசாரித்து வருவது அப்பாவின் வேலையாகலாம். வாரம் ஒரு நாள் சமையல் முழுவதும் அவரிடம் விடலாம். அரிசிம்பருப்பு சாதத்துக்கு அவர் போதும்.

பள்ளிகள் இந்தச் சுமையில் ஒரு பகுதியை ஏற்கெனவே தூக்குகின்றன. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் 2010 முதல் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைவாரியாகப் பரிமாறுகிறது. கிழமைக்கொரு பட்டியல், தலைக்கு இத்தனை கிராம் என்ற அளவு, முன்கூட்டியே வாங்கிய பொருள்: வீட்டுக்குச் சொல்லும் அதே முறையில்தான் அரசு லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைக்கிறது. பள்ளிப் பட்டியலை வீட்டுச் சுவரிலும் ஒட்டிவைத்தால், பள்ளியில் பொங்கல் சாப்பிட்ட பிள்ளைக்கு இரவிலும் பொங்கல் வைக்காமல் தப்பலாம்.

ரேஷன் கடைக்கு ஒரு கோரிக்கை

வீடு எவ்வளவு திறமையாகத் திட்டமிட்டாலும், மாதம் ஒரு கிலோ பருப்பு என்ற அளவைத் திறமையால் ஐந்து கிலோவாக்க முடியாது. அந்தப் பகுதி அரசின் கையில் இருக்கிறது. 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. அந்தந்த மண்ணின் தானியம் ரேஷன் கடைக்கு வர முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம். அதே முறையில் ஈரோடு மாவட்டத்தின் மானாவாரி விவசாயிகளிடமிருந்து கொள்ளையும் தட்டைப்பயறையும் கொள்முதல் செய்து, பவானி, அந்தியூர் வட்டக் கடைகளில் விரும்பும் அட்டைதாரருக்கு அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கொடுக்கலாம். தை மாதம் கொள்ளு அறுவடையாகும். அதற்கு முன் வரும் கிராம சபைக் கூட்டங்களில் தறிக்காரக் குடும்பங்களும் காட்டுக்காரர்களும் சேர்ந்து இதைத் தீர்மானமாக எழுதி அனுப்பினால், கோரிக்கை மாவட்ட நிர்வாகத்தின் மேசைக்குக் காகிதமாகப் போய்ச் சேரும்.